சின்ன வேனா, பெரிய வேனா? பெங்களூர்ல தொழில் பண்ற நம்மாளுங்க அடிக்கடி கேட்கிற கேள்விகள்

எலக்ட்ரீஷியன், பிளம்பர், ஏசி மெக்கானிக், ஆசாரி, டைல்ஸ் போடுறவங்க, யாரா இருந்தாலும் பைக்ல டூல்ஸ் பேக்கை மாட்டிக்கிட்டு அலைஞ்சது போதும்னு ஒரு வண்டி எடுக்கலாம்னு வர்றப்போ கேட்கிற கேள்வி எல்லாம் சுத்தி சுத்தி ஒண்ணாதான் இருக்கு, அதனால மொத்தமா எழுதி வச்சுட்டேன். நான் லிங்கராஜபுரத்துல இருந்து எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்ட் பண்றவன், வண்டி விக்கிறவன் இல்ல. எந்த கம்பெனிக்கும் வக்காலத்து வாங்க வரல.

சின்ன வேன், பெரிய வேன்னு எதை சொல்றீங்க?

சின்னதுன்னா மாருதி ஈகோ கார்கோ, மஹிந்திரா சுப்ரோ வேன் மாதிரி. முன்னாடி ஆம்னி இருந்துச்சு, 2019-ல நிறுத்திட்டாங்க, ஆனா எஸ்.ஜே.பி ரோடு பக்கம் இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு. பெரியதுன்னா டாடா விங்கர் கார்கோ, ஃபோர்ஸ் டிராவலர் டெலிவரி வேன். நடுவுல குட்டி யானை (டாடா ஏஸ்), சூப்பர் கேரி, தோஸ்த், இன்ட்ரான்னு திறந்த வண்டிங்க ஒரு பட்டாளமே இருக்கு, அதுக்கு கீழ தனியா ஒரு கேள்வி இருக்கு.

துபாய்ல ஹையேஸ் ஓட்டினேன் அண்ணே, அதே மாதிரி இங்க எடுத்தா கெத்தா இருக்காதா?

இருக்கும். ஆனா துபாய் ரோடு வேற, ஸ்ரீராமபுரம் ரோடு வேற. அங்க கேம்ப்ல இருந்து சைட்டுக்கு எட்டு பேரோட போவீங்க, வண்டி நிறுத்த கம்பெனி யார்டு இருக்கும். இங்க ராத்திரி வண்டி நிக்கப்போறது உங்க ஓனர் வீட்டு வாசல்ல. விங்கர் கார்கோ அஞ்சு மீட்டருக்கு மேல நீளம், ஈகோ 3.7 மீட்டர்கூட இல்ல. முப்பதுக்கு நாப்பது அடி மனையில கட்டின வீட்டு முன்னாடி பெரிய வேனை நிறுத்தினீங்கன்னா வாசலே மறைஞ்சு பக்கத்து வீட்டுக்காரர் கேட்டையும் பாதி மறைச்சிரும், அப்புறம் தினமும் காலையில அந்த பஞ்சாயத்தை முடிச்சுட்டுதான் வேலைக்கு கிளம்பணும்.

சரி, எதை வச்சு முடிவு பண்றது?

எல்லாரும் பண்றது என்னன்னா, வருஷத்துல வந்த பெரிய வேலையை நினைச்சு பார்க்கிறாங்க. "அந்த சர்ஜாபூர் வில்லா வேலை வந்தப்போ சாமான் ஏத்த வண்டி பத்தல"ன்னு அதுக்கு ஏத்த மாதிரி வண்டி எடுத்துட்டு, மிச்ச நாளெல்லாம் ரெண்டு ட்ரில் மெஷினும் ஒரு ஏணியும் போட்டுக்கிட்டு காலி வேனை சில்க் போர்டு ஜாம்ல தள்ளிக்கிட்டு நிக்கிறாங்க. சாதாரண ஒரு நாள்ல வண்டியில என்ன இருக்குங்கிறதுதான் கணக்கு. பெரிய சாமான் வர்ற நாளைக்கு போர்ட்டர் ஆப்புல வாடகை வண்டி புக் பண்ணிக்கலாம், இல்ல கடைக்காரரே சைட்ல இறக்கி குடுப்பார், ஓரளவு பில் போட்டா அவங்களுக்கு அது வழக்கம்தான்.

ஒரு வேலை பண்ணுங்க. ஏதோ ஒரு செவ்வாய், புதன், அவசரமில்லாத நாள்ல உங்க டூல்ஸ், சாமான் எல்லாத்தையும் தரையில பரப்பி வச்சு பாருங்க, அப்படியே பழைய இரும்பு கடை தராசுல ஏத்தி எடை போட்டுடுங்க. என் எலக்ட்ரிக்கல் வேலைக்கு உள்ளது இவ்வளவுதான்: ஹேமர் ட்ரில், சுவர் வெட்டற மெஷின், கிரைண்டர், மீட்டர், கிரிம்பிங் டூல், நாலஞ்சு வயர் காயில் கட்டு, ஒரு பாக்ஸ் ஸ்விட்ச், எம்.சி.பி, மெட்டல் பாக்ஸ் ஒரு மூட்டை, அலுமினிய ஏணி. எல்லாம் சேர்த்தாலும் ஈகோ தாங்கற எடையில பாதிகூட வராது. இடத்தை அடைக்கிறது எடை இல்ல, அந்த ஏணியும் பைப்பும்தான்.

ஈகோவுல எவ்வளவு ஏத்தலாம், விங்கர்ல எவ்வளவு?

ஈகோ கார்கோ அரை டன்னுக்கு கொஞ்சம் மேல. விங்கர் கார்கோ 1,680 கிலோ, உள் அளவு 3,240 மில்லி நீளம், 1,640 அகலம், 1,900 உயரம். 1,900 உயரம்னா சராசரி ஆளு குனியாம உள்ள நின்னு வேலை பார்க்கலாம், இது உண்மையிலேயே பெரிய விஷயம். ஈகோவுல ஒவ்வொரு தடவையும் பின்னாடி கதவுல மண்டி போட்டுதான் கையை விட்டு துழாவணும், நாப்பது வயசு தாண்டினவங்களுக்கு இடுப்பு சொல்லும்.

பைப்புக்காகவே பெரிய வேன் எடுக்கலாம்னு பிளம்பர் நண்பர் சொல்றார், சரியா?

பாதி சரி. எலக்ட்ரிக்கல் பி.வி.சி பைப் 10 அடி, அதாவது 3 மீட்டர் சொச்சம், விங்கர்ல கதவை சாத்திக்கலாம், ஈகோவுல உள்ள போகாது. ஆனா ஜி.ஐ பைப் 6 மீட்டர், அது எந்த வேன்லயும் போகாது, விங்கரா இருந்தாலும் சரி. அதை கடையிலேயே வெட்டி வாங்கணும், இல்லன்னா கடை வண்டியில வரவழைக்கணும். பைப்பை பின்னாடி நீட்டி சிவப்பு துணி கட்டிக்கிட்டு போறது நம்ம ஊர் பழக்கம்தான், ஆனா மோட்டார் வாகன சட்டம் 2019-ல திருத்தினதுக்கு அப்புறம் பாடியை தாண்டி சாமான் நீட்டிக்கிட்டு இருந்தா அபராதம் 20,000 ரூபாய்னு போட்டிருக்கு, அதோட சாமானை இறக்கவும் வைப்பாங்க. 10 அடி பைப்புக்கும் ஏணிக்கும் ஈகோ மேல ஒரு கேரியர் போட்டா போதும், முன்னாடி பின்னாடி வண்டி நீளத்துக்குள்ள நிக்கும்.

நான் ஆசாரி, மாடுலர் கிச்சன் பண்றேன். எனக்கு?

உங்களுக்கு பதில் வேற. பிளைவுட் ஷீட் 8-க்கு 4 அடி, அதாவது 2.44 மீட்டர் நீளம், ஈகோ லோடு ஏரியா 2 மீட்டர்கூட வராது, முடிஞ்சுது. டிம்பர்யார்ட் லேஅவுட்ல ஷீட் வாங்கி உங்க பட்டறையில வெட்டி, செஞ்ச பெட்டியா சைட்டுக்கு கொண்டு போறீங்கன்னா மூடின பெரிய வேன் நல்ல வண்டி, ஏன்னா லேமினேட் ஒட்டின ஷட்டர்ல ஒரு கீறல் விழுந்தா கஸ்டமர் வாங்க மாட்டாங்க, மழை பட்டா ஓரம் ஊதிக்கும், மே மாசத்துல இருந்து அக்டோபர் வரைக்கும் பெங்களூர் வானத்தை நம்பி தார்ப்பாய் கட்டிக்கிட்டு இருக்க முடியாது. ஆனா ஷீட்டை கடைக்காரர் நேரா சைட்ல இறக்கி நீங்க அங்கேயே வெட்டி மாட்டுறவர்னா ஈகோ தாராளம்.

டைல்ஸ், சிமென்ட்?

இங்கதான் ஜனங்க கணக்கு தப்புது. பார்க்க இடம் நிறைய இருக்கும், எடை முடிஞ்சிருக்கும். 2-க்கு 4 அடி டைல் ஒரு பாக்ஸ்ல ரெண்டு இருக்கும், பாக்ஸ் ஒண்ணு கிட்டத்தட்ட 30 கிலோ வரும். பதினஞ்சு பாக்ஸ் வச்சா 450 கிலோ, தரையில ஒரு வரிசைகூட நிறையாது, அதுக்கு மேல நீங்களும் உதவி ஆளும், ரெண்டு மூட்டை அட்ஹெசிவும் ஏறினா ஈகோ கதை முடிஞ்சுது. பின்னாடி அழுந்தி முன்னாடி தூக்கிக்கிட்டு போற ஈகோவை ஹெப்பால் ஃப்ளைஓவர் இறக்கத்துல பார்த்தா எனக்கே பயமா இருக்கும், பிரேக் அந்த எடைக்கு செஞ்சது இல்ல. ஓவர்லோடுக்கும் சட்டத்துல 20,000, கூடுதலா ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. டைல்ஸ்காரங்க டைல்ஸை கடை வண்டியில விட்டுட்டு, கட்டரும் லெவலரும் மட்டும் தன் வண்டியில எடுத்துக்கிட்டு போறதுதான் வழக்கம், அதையே பண்ணுங்க.

ஏசி வேலைக்கு?

சர்வீஸ் மட்டும்னா சின்ன வேன். பிரஷர் வாஷர், வேக்குவம் பம்ப், மேனிபோல்ட் கேஜ், காப்பர் காயில், கேஸ் சிலிண்டர், அவ்வளவுதான். இன்ஸ்டாலேஷன் எடுக்கிறீங்கன்னா ஸ்பிளிட் செட்டு மூணு நாலு வரைக்கும் ஈகோவுல போகும், டக்ட் (காத்து போற தகரக் குழாய்) வேலைன்னா பெரிய வேன், அதுல பேச்சே இல்ல.

மூடின வேன்ல ஒரு விஷயம் கவனிக்கணும். இப்ப வர்ற ஏசியில பெரும்பாலும் ஆர்-32, அது லேசா தீப்பிடிக்கக்கூடிய கேஸ். பிரேசிங் செட்டுக்கு வேற எல்.பி.ஜி, ஆக்சிஜன் வச்சிருப்பீங்க. சிலிண்டரை நிமிர்த்தி பெல்ட் போட்டு கட்டுங்க, வெயில்ல கண்ணாடி ஏத்தி நாள் பூரா விட்டுட்டு போகாதீங்க, காலையில வண்டியை திறந்த உடனே சிகரெட் பத்த வைக்கிற பழக்கம் இருந்தா இன்னையோட விட்டுருங்க. டிரைவர் சீட்டுக்கு பின்னாடி தடுப்பு இல்லாம சிலிண்டர் ஏத்தவே கூடாது, திடீர் பிரேக்குல அது வர்ற வேகம் சும்மா இருக்காது.

அபார்ட்மென்ட்ல பெரிய வேன் உள்ள விடுவாங்களா?

வேலை முக்கால்வாசி வைட்பீல்டு, பெல்லந்தூர், எலக்ட்ரானிக் சிட்டி அபார்ட்மென்ட்லதான்னா, இந்த ஒரு கேள்வியிலேயே முடிவு எடுத்துரலாம். பேஸ்மென்ட் வாசல்ல 2.1 மீட்டர், 2.2 மீட்டர்னு மஞ்சள் கறுப்பு கம்பி ஒண்ணு தொங்கும். ஈகோ 1.8 மீட்டர் சொச்சம், கேரியரும் ஏணியும் சேர்ந்தாக்கூட பார்த்து போனா நுழைஞ்சிரலாம். விங்கர் கார்கோ உள் உயரமே 1.9, வெளி உயரம் எங்க போய் நிக்கும்னு யோசிச்சுக்கங்க. வாட்ச்மேன் கையை ஆட்டி "ஹோகல்ல சார்"னு (உள்ள போகாதுன்னு) சொல்லிட்டா வண்டி வெளி ரோட்டுல, நீங்க சாமானை தூக்கிக்கிட்டு சர்வீஸ் லிஃப்ட் வரைக்கும். பல சொசைட்டியில ட்ரில்லிங் வேலைக்கு பகல்ல குறிப்பிட்ட நேரம்தான் குடுப்பாங்க, மைகேட்னு கேட் என்ட்ரி ஆப்புல பதிஞ்சு ஓனர் ஓகே பண்ணி உள்ள போகவே அரை மணி நேரம் போயிருக்கும், அதுல இந்த சுமக்கிற வேலையும் சேர்ந்தா அன்னைக்கு ஒரு பாயின்ட் குறைவாதான் முடியும்.

பழைய ஊர் பக்கம், சிக்பேட், அவென்யூ ரோடு, சிவாஜிநகர் சந்துங்க, அங்க ஈகோவே மூச்சு பிடிச்சுக்கிட்டு போகும்.

குட்டி யானை போதாதா? விலையும் கம்மி, லோடும் கூட.

மெட்டீரியல் ஏத்துறதுக்கு அதை அடிச்சுக்க ஆள் இல்ல. 2005-ல வந்ததுல இருந்து அதுக்குத்தானே பேரு. ஏஸ் கோல்டு 750 கிலோ, 7 அடி சொச்சம் பாடி. பைப், கம்பி, கதவு ஃபிரேம், மணல் மூட்டை எல்லாம் மேல இருந்தே ஏத்தி இறக்கலாம், வெல்டர், பெயிண்டர், ஷட்டர் வேலைக்காரங்களுக்கு நான் இதைத்தான் சொல்லுவேன்.

ஆனா டூல்ஸ் வச்சு தொழில் பண்றவங்களுக்கு திறந்த வண்டி சரிப்படாது. சைட்ல மேல ரெண்டாவது மாடியில நீங்க கேபிள் இழுத்துக்கிட்டு இருப்பீங்க, கீழ யாரோ கிரைண்டரை தூக்கிட்டு போயிருப்பான். தினமும் ராத்திரி எல்லாத்தையும் இறக்கி வீட்டுக்குள்ள வச்சு காலையில திருப்பி ஏத்துறது தனி வேலை. கன்டெய்னர் பாடி கட்டினா பூட்டலாம், ஆனா அதோட எடை லோடுல இருந்துதான் கழியும், உயரமும் கூடும், மறுபடி அந்த பேஸ்மென்ட் கம்பிகிட்ட வந்து நிப்பீங்க.

ஆளுங்களை எப்படி கூட்டிட்டு போறது?

ஈகோ கார்கோன்னா டிரைவரோட சேர்த்து ரெண்டு சீட்டு. பின்னாடி சாமான் மேல ஆளை உக்கார வைக்கிறது சட்டப்படி தப்பு, அடிபட்டா இன்ஷூரன்ஸ்காரன் சல்லிக்காசு குடுக்க மாட்டேன்னு நிப்பான், கேஸ் உங்க தலையில விழும். மூணு நாலு பேரு டீம்னா மிச்ச பேர் மெட்ரோவுலயோ பைக்லயோ வரட்டும், பெட்ரோல் காசு குடுத்துருங்க, அதுவே மலிவு.

அப்ப ஈகோ 5 சீட்டர் வெள்ளை போர்டு (சொந்த கார் பதிவு) எடுத்து பின் சீட்டை கழட்டிட்டா?

நிறைய பேர் இப்படித்தான் ஓட்டுறாங்க, அதனால சரின்னு ஆயிடாது. ஆர்.சி-யில இருக்கிற சீட் எண்ணிக்கையை ஆர்.டி.ஓ-கிட்ட சொல்லாம மாத்துறது 52-வது பிரிவுப்படி தப்பு. ஆக்சிடென்ட் ஆகி சர்வேயர் வந்து பார்த்தா கிளெய்ம் இழுத்தடிக்கும்.

இதுல ஆசை வர்றதுக்கு காரணம் இன்ஷூரன்ஸ்தான், மறைக்க வேண்டியது இல்ல. 2022 ஜூன்ல இருந்து வந்த கட்டணப்படி 1,000 சிசி-க்கு மேல 1,500 சிசி வரைக்கும் சொந்த காருக்கு தேர்டு பார்ட்டி 3,416 ரூபாய், 7,500 கிலோ வரைக்கும் உள்ள வாடகை லோடு (பப்ளிக் கேரியர்) குட்ஸ் வண்டிக்கு 16,049. பெரிய வித்தியாசம்தான். ஆனா இதுல இன்னொண்ணு கவனிங்க, 7,500 வரைக்கும் ஒரே ஸ்லாப், அதனால ஈகோ கார்கோவுக்கும் விங்கருக்கும் தேர்டு பார்ட்டி ஒண்ணுதான். பெரிய வேன்ல கூடுறது வண்டி மதிப்புக்கு போடுற ஓன் டேமேஜ் பகுதி.

லைசென்ஸ், பெர்மிட், எஃப்.சி (ஃபிட்னஸ் சர்டிபிகேட்) எல்லாம்?

லைசென்ஸ் கவலை விட்டுருங்க. 2024 நவம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தெளிவா சொல்லிருச்சு, எல்.எம்.வி (கார் ஓட்டுற) லைசென்ஸ் இருந்தா 7,500 கிலோவுக்கு கீழ உள்ள மஞ்சள் போர்டு (வணிக) வண்டியையும் ஓட்டலாம். ஈகோ, ஏஸ், விங்கர் மூணும் அதுக்குள்ளதான்.

பெர்மிட்லதான் சின்ன வேன் ஜெயிக்குது. லோடோட மொத்த எடை 3,000 கிலோ தாண்டாத குட்ஸ் வண்டிக்கு பெர்மிட்டே வேண்டாம்னு மோட்டார் வாகன சட்டம் 66-வது பிரிவுல இருக்கு. ஈகோ அதுக்கு ரொம்ப கீழ. விங்கர் கார்கோ தாண்டிரும், அப்ப பெர்மிட் எடுத்து நேரா நேரத்துக்கு புதுப்பிக்கணும்.

எஃப்.சி ரெண்டுக்கும் ஒண்ணு: எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அப்புறம் வருஷா வருஷம். ஃபாஸ்டேக்ல 2025 ஆகஸ்ட்ல 3,000 ரூபாய்க்கு வந்த வருஷ பாஸ் மஞ்சள் போர்டுக்கு கிடையாது, சொந்த காருக்கு மட்டும்தான். ஓசூர் பக்கம் அடிக்கடி போறவங்க அதை நம்பி கணக்கு போடாதீங்க.

ஜி.எஸ்.டி திரும்ப கிடைக்குமா?

ஜி.எஸ்.டி ரெகுலர் பதிவு இருந்து, வண்டி குட்ஸ் வண்டியா இருந்தா கிடைக்கும். 5 சீட்டருக்கு கிடையாது, கார்கோவுக்கு உண்டு. காம்போசிஷன் திட்டத்துல (சின்ன வியாபாரிங்க விற்பனையில ஒரு சதவீதமா வரி கட்டுற முறை) இருக்கிறவங்களுக்கு எதுவும் கிடையாது. 2025 செப்டம்பர் 22-ல இருந்து குட்ஸ் வண்டிக்கு வரி 28-ல இருந்து 18 சதவீதமா இறங்கிருச்சு, அதனால அதுக்கு முன்னாடி எடுத்து வச்ச கொட்டேஷனை தூக்கி போட்டுட்டு புதுசு வாங்குங்க. கிரெடிட் எடுத்த வரி தொகைக்கு மேல தேய்மானமும் போட முடியாது, ஆடிட்டர்கிட்ட ரெண்டையும் ஒண்ணா பேசிருங்க.

பெட்ரோலா, சி.என்.ஜி-யா, டீசலா, கரன்ட்டா?

ஈகோ 1.2 லிட்டர் பெட்ரோல், கம்பெனி கணக்குல லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கிட்ட, சி.என்.ஜி-யில கிலோவுக்கு 27 கிட்ட. லோடும் பெங்களூர் ட்ராஃபிக்கும் சேர்ந்தா அந்த கணக்கு காகிதத்துலதான். சி.என்.ஜி எடுத்தா சிலிண்டர் எடை லோடுல இருந்து குறையும், இன்ஜின் இழுவையும் கொஞ்சம் குறையும், பங்க்ல வரிசையில நிக்கிற நேரத்தையும் கணக்குல சேருங்க. உங்க வீட்டுல இருந்து வேலைக்கு போற வழியில பங்க் இல்லன்னா பெட்ரோலே நிம்மதி.

விங்கர் டீசல், 2.2 லிட்டர். 2020 ஏப்ரல்ல பி.எஸ்.6 புகை விதி வந்ததுல இருந்து டீசல் வண்டியில டி.பி.எஃப்னு ஒரு ஃபில்டர் இருக்கு, அது சேர்த்த கரியை எரிக்க வண்டி கொஞ்ச நேரம் விடாம ஓடணும். காலையில நாலு கிலோமீட்டர், மதியம் ரெண்டு கிலோமீட்டர்னு ஜாம்ல ஊர்ந்தா அடைச்சுக்கிட்டு விளக்கு எரியும், சர்வீஸ் சென்டர்ல பணம் பிடுங்கும். வாரத்துல ஒரு நாளாவது தும்கூர் ரோடு, ஓசூர் ரோடுன்னு நீளமா ஓட்டுறவங்களுக்கு பிரச்சனை இல்ல.

கரன்ட் வண்டியில ஏஸ் ஈ.வி 2022-ல வந்துச்சு, 21.3 யூனிட் பேட்டரி, கம்பெனி சொல்ற ரேஞ்ச் 154 கிலோமீட்டர், ரோட்டுல அதைவிட கம்மி. ஊருக்குள்ள ஒரு நாளைக்கு ஓடுறதுக்கு அதுவே மிச்சம்தான். ஆனா வாடகை வீட்டுல கீழ சார்ஜிங் பாயின்ட் போட ஓனர் ஒத்துக்குவாரா, அதை கேட்டுட்டு அப்புறம் ஷோரூம் போங்க.

ஓசூர்ல செகண்ட் ஹேண்ட் மலிவா கிடைக்குதே, டி.என். 70 (ஓசூர் நம்பர்) போர்டு?

விலை மட்டும் பார்த்து எடுக்காதீங்க. வேற மாநில வண்டியை இங்க 12 மாசத்துக்கு மேல வச்சிருந்தா கர்நாடகா நம்பருக்கு மாத்தணும், அதுக்கு அங்க என்.ஓ.சி (ஆட்சேபணை இல்லைங்கிற கடிதம்), இங்க வரி. லோன் பாக்கி இருந்த வண்டியா இருந்தா ஃபைனான்ஸ் கம்பெனி என்.ஓ.சி-யும் லோன் முடிஞ்சதை காட்டுற ஃபாரம் 35-ம் கைக்கு வராம அட்வான்ஸ்கூட குடுக்கக் கூடாது. எம் பரிவாஹன் ஆப்புல நம்பரை போட்டா எஃப்.சி, இன்ஷூரன்ஸ் தேதி எல்லாம் தெரியும். கார்கோ வேன்ல வெளி பெயிண்டை விட்டுட்டு பின்னாடி மேட்டை தூக்கி தரை துருவை பாருங்க, தண்ணி கேன் ஓட்டின வண்டின்னா அங்கேயே தெரிஞ்சிரும்.

ஒரு பெரிய வேன் விலைக்கு ரெண்டு சின்ன வேன் வருமே?

வரும், விங்கர் விலை ஈகோவைவிட ரெண்டு மடங்குக்கு மேல. ரெண்டு டீம் இருக்கிற கான்ட்ராக்டர்னா நான் ரெண்டு சின்னதுதான் சொல்லுவேன். ஒண்ணு கே.ஆர்.புரத்துல, ஒண்ணு ஜே.பி.நகர்ல ஒரே நேரத்துல நிக்கும், ஒண்ணு சர்வீஸுக்கு போனாலும் தொழில் நிக்காது. ஆனா தேர்டு பார்ட்டி ரெண்டு தடவை கட்டணும், எஃப்.சி ரெண்டு, ஓட்ட ஆள் ரெண்டு. ஒரே டீமா ஒரே சைட்ல மாசக்கணக்குல நிக்கிற வேலை, ஃபேக்டரி வயரிங், பீண்யா பக்கம் டக்ட் வேலை, இதுக்கெல்லாம் ஒரு பெரிய வேனை ஸ்டோர் ரூம் மாதிரி நிறுத்திக்கிட்டு வேலை பார்க்கிறது சௌகரியம்.

உள்ள ரேக் அடிக்கும்போது என்ன பார்க்கணும்?

மர ரேக் வேண்டாம், எடை. அலுமினிய சேனல்ல அடிங்க, தரையில போல்ட் போடுறதுக்கு முன்னாடி கீழ பெட்ரோல் டேங்க், பிரேக் லைன் எங்க போகுதுன்னு குனிஞ்சு பார்த்துட்டு ஓட்டை போடுங்க. கனமான சாமான் கீழ, சக்கரத்துக்கு பக்கமா. அடிக்கடி எடுக்கிற டூல் பக்கவாட்டு கதவுகிட்ட, ஏன்னா பின்கதவு பாதி நேரம் அடுத்த வண்டி பம்பரை ஒட்டி நிக்கும், திறக்க முடியாது.